குப்பைக்கிடங்கு கிராண்ட் ப்ரீ

2024 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சென்னை தீவுத்திடலில் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் எங்கள் ஆபீஸ் தம்பி. வயசு இருபத்தாறு. ரெண்டு டிக்கெட் வாங்கியிருந்தான். இரண்டாவது டிக்கெட் யாருக்காக வாங்கப்பட்டதோ அந்த நபர் கடைசி நேரத்தில் வரவில்லை போலிருக்கிறது. காரணம் நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ‘சார், நீங்க வர்றீங்களா?’ என்ற கேள்வியில் இருந்த சோகமே போதும், கிளம்பிவிட்டேன்.

தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர். சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் எல்லாம் அதில் அடக்கம். நான் வருஷக்கணக்காக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆமை வேகத்தில் கடந்த அதே ரோடு. அதில் ஒரு கார் ‘ஙொய்ங்’ என்று போனது. போனதா வந்ததா என்று யோசிப்பதற்குள் அடுத்தது. தெருவில் நடந்த ராத்திரி ரேஸ். முதல் நாள் சர்வதேச சம்மேளனத்தின் சர்டிபிகேட் வர லேட்டாகி எல்லோரும் கொட்டாவி விட்டார்களாம். அந்த வகையில் நம்ம ஊர் ரிஜிஸ்டிரார் ஆபீஸும் உலகத் தரம்தான்.

‘‘உங்க ஊர் சைடுல இதெல்லாம் பாத்திருக்க மாட்டீங்க, இல்ல சார்?’’ என்றான் தம்பி.

‘‘என்ன அப்படிச் சொல்லிட்ட? நானே ஒரு முன்னாள் கார் ரேஸ் டிரைவர்.’’

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பையைப் பார்த்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் ரேஸ் ஓட்டியவன். வருஷம் 1979. இடம் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டுக் கிராமம். வண்டி, பேரிங் வண்டி. உங்களில் பாதிப் பேர் ஓட்டியிருப்பீர்கள். மீதிப் பாதிக்கு விளக்கம் வேண்டும்.

ஒரு பலகை. அதன் பின்னால் ஒரு குறுக்குக் கட்டை, அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பால் பேரிங். முன்னால் இன்னொரு குறுக்குக் கட்டை, நடுவில் ஒரே ஒரு போல்ட் போட்டு அது இடமும் வலமும் திரும்பும். அதற்கு நடுவில் ஒரு பேரிங். ஆக மூணு சக்கரம். முன்கட்டையின் இரண்டு ஓரத்திலும் காலை வைத்து மிதித்தால் ஸ்டியரிங். என்ஜின்? பூமியின் ஈர்ப்பு சக்தி. ரிப்பேர் ஆகாது. பிரேக்? அதுதான் இந்தக் கதையே, பிறகு வருகிறேன்.

இது கேட்க லேசு, செய்வது லேசில்லை. முதல் பிரச்னை கரிசல் மண். மழை பெய்தால் பசை மாதிரி சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு சக்கரமே தோசைக்கல் சைஸுக்கு வந்துவிடும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, கன்றுக்குட்டியின் கால் மாட்டுகிற அளவுக்குப் பிளவு. விரல் அகலம் உள்ள இரும்புப் பேரிங் அதில் உருளவே உருளாது. எனவே தார் ரோடு வேண்டும். இரண்டாவது பிரச்னை, இறக்கம். எங்கள் பக்கம் கரிசல் தரை இஸ்திரி போட்டது மாதிரி இருக்கும். மேடு என்று ஒன்று இருந்தால் அது கண்மாய்க்கரைதான். ஆக, கண்மாய்க்கரை மேல் ஏறி இறங்குகிற தார் ரோடு எந்த ஊருக்கு இருக்கிறதோ அந்த ஊர்தான் மொனாக்கோ. எங்கள் ஊருக்கு இருந்தது. பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான் வரும் என்பதால் ரோடும் ஃப்ரீ.

மூன்றாவது, பேரிங். கோவில்பட்டியில் லாரிப் பட்டறைகள் உண்டு, பழைய இரும்புக் கடைகள் உண்டு. ஆனால் லாரிச் சக்கரத்தில் இருக்கிற பேரிங் நமக்கு உதவாது. அது டேப்பர் ரோலர். கழற்றினால் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று தனித்தனியாக வந்துவிடும். நமக்கு வேண்டியது கியர்பாக்ஸ் பேரிங், டைனமோ பேரிங், கிணற்று மோட்டார் பேரிங். அதாவது உருண்டைக் குண்டு வைத்த ஒரே முழு வளையம். இந்த ஞானத்தை எனக்கு உபதேசித்தவன் என் பெரியம்மா மகன். எனக்கு மூன்று வயசு மூத்தவன். அண்ணன் என்றே சொல்கிறேன்.

அண்ணன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவன். (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ‘ஆபீஸ்’ என்றுதான் பேர். நாலாம் வகுப்புப் பையனும் ‘ஆபீஸ் போறேன்’ என்பான். இப்போது ஐ.டி.யில் இருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.) விடியற்காலை நாலு மணி சுமாருக்கு ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். அரைத் தூக்கத்தில் சின்னப் பிள்ளைகளைத் தூக்கி உள்ளே உட்காரவைப்பார்கள். கட்டை அடுக்குகிற வேலை. சட்டத்துக் காடியில் குச்சியை வரிசையாக அடுக்கவேண்டும். எத்தனை சட்டம் அடுக்கினாயோ அத்தனைக்குத்தான் கூலி. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பதினாலு வயசுக்குக் கீழ் வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1986-ல். மீறினால் முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். அதற்குள் அண்ணனுக்கு மீசை வந்து, நரையும் ஒன்றிரண்டு வந்துவிட்டது.

அந்த அண்ணன் ஒருநாள் ஒரு பேரிங்கை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

‘‘ஏலே, இதுல என்ன எழுதியிருக்கு, படி.’’

‘‘அறுபத்து மூணு சைபர் அஞ்சு.’’

‘‘கடைசி ரெண்டு நம்பரை அஞ்சால பெருக்கு.’’

‘‘இருபத்தஞ்சு.’’

‘‘அதான் உள் ஓட்டை. இருபத்தஞ்சு மில்லிமீட்டர். வெளிய அறுபத்திரெண்டு. 6205-ன்னு இருந்தாலும் ஓட்டை இதே சைஸ்தான், ஆனா வெளிய ஐம்பத்திரெண்டு. மெலிசு. 6308-னா ஓட்டை நாப்பது. வெளிய தொண்ணூறு.’’

ஸ்கூலில் எனக்குக் கணக்கில் நல்ல மார்க். ஆனால் இப்படி ஒரு கணக்கை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. பட்டறை மெக்கானிக்குகள் பேசுவதை ஓரமாக நின்று கேட்டுப் பாடம் பண்ணியிருக்கிறான். உலகம் முழுக்க இன்றைக்கும் அதே நம்பர், அதே பெருக்கல்தான். உங்கள் வீட்டு வாஷிங் மெஷினைக் கழற்றினால் சரிபார்த்துக்கொள்ளலாம். திரும்ப மாட்டுவதற்கு நான் பொறுப்பில்லை.

அந்த 6305-க்கு விலை மூணு ரூபாய். வாரச் சம்பளத்தில் மூணு ரூபாய் குறைந்தது ஏன் என்று பெரியம்மா விளக்குமாற்றால் விசாரித்தாள். அண்ணன் அதற்குச் சொன்ன பதில் இன்றைக்கு எந்த எம்.பி.ஏ.வும் சொல்ல முடியாத பதில். ‘‘எம்மா, இது வெளையாட்டு வண்டி இல்ல. தண்ணி வண்டி. ஒரு நடைக்கு மூணு குடம்.’’ எங்கள் ஊரில் நல்ல தண்ணிக் கிணறு ஒரு மைல் தள்ளி, தார் ரோட்டு ஓரம். பெரியம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அடுத்த நாள் சாயங்காலத்திலிருந்து, ஆபீஸ் விட்டு வந்ததும் அண்ணன் வண்டியில் மூணு குடத்தைக் கயிறு போட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு வருவான். வார நாளில் தண்ணி வண்டி, ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கார். ஃபெராரிக்காரர்களுக்குக் கூட இந்த யோசனை வந்ததில்லை.

செய்முறையில் அவன் காட்டிய சிரத்தையைச் சொல்லவேண்டும். அச்சுக்கு நாட்டுக் கருவேலங்கட்டை. முனையைச் சீவிச் சீவி, பேரிங் ஓட்டைக்கு ஒரு நூல் டைட்டாக இருக்கும்படி வைத்து, மேலே ஒரு மரத்துண்டை வைத்துத்தான் அடிப்பான். சுத்தியலால் நேராக அடித்தால் பேரிங்கின் உள்ளே இருக்கிற குண்டு அடிபட்டு, அப்புறம் ‘கடக் கடக்’ என்று சத்தம் வரும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மூணு சக்கரமும் விரலால் சுண்டினால் எத்தனை எண்ணிக்கை வரை சுற்றுகிறது என்று எண்ணுவான். பின்சக்கரம் இரண்டும் 6308, கியர்பாக்ஸ் சாமான், ஒரு மெக்கானிக்கிடம் கெஞ்சி வாங்கியது. முன்சக்கரம்தான் அந்தக் காசு கொடுத்து வாங்கிய 6305.

டிரைவர் சீட்டுக்கு நான் எப்படி வந்தேன்? திறமையால் என்று சொல்ல ஆசைதான். ஊரிலேயே குண்டுப் பையன் நான். இறக்கத்தில் கனமான வண்டி அதிக தூரம் அதிக வேகத்தில் உருளும் என்பதை அண்ணன் கல்லை வைத்துக் கண்டுபிடித்திருந்தான். எதிர்க்காற்று குண்டனையும் ஒல்லியையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தள்ளும், கனமானவனை நிறுத்துவது அதற்குக் கஷ்டம். என் வாழ்க்கையில் என் எடை ஒரு தகுதியாகக் கருதப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

ரேஸ் ரூல்கள் எல்லாம் மாட்டு வண்டிப் பந்தயத்திலிருந்து சுட்டது. எங்கள் ஜில்லாவில் அதற்கு இருக்கிற மவுசு தெரியாதவர்களுக்கு: பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தராதரம் உண்டு. ஓட்டுகிறவர் சாரதி. கூடவே ஓடி, தாவி ஏறி, மாட்டை விரட்ட ஒரு துணைச் சாரதி. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழா மாதிரி விசேஷங்களில் விடியற்காலையே ரோட்டோரம் ஜனம் நிற்கும். தூரத்தை மட்டும் இன்றைக்கும் மைலில்தான் சொல்வார்கள். ‘போக வர இத்தனை மைல்.’ கவர்மெண்ட் 1956-லேயே சட்டம் போட்டு மெட்ரிக் அளவைக் கொண்டுவந்துவிட்டது. மாடுகளுக்கு யாரும் சர்க்குலர் அனுப்பவில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டு வண்டிப் பந்தயத்தையும் கூடாது என்றது. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது, தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டுக்காகச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லும் என்று அதே கோர்ட் சொன்னது. பந்தய மாடு வைத்திருந்த எங்கள் மாமா ஒருத்தர் அந்த மூணு வருஷமும் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிப் போட்டுக்கொண்டே, டி.வி. நியூஸை மட்டும் பார்க்காமல் இருந்தார்.

சரி, எங்கள் ரேஸுக்கு வருகிறேன். எதிரணி மேலத்தெரு. அவர்கள் வண்டியைச் செய்தவன் அரிசி மில் டிரைவர் மகன். சாமான்களுக்குப் பஞ்சமில்லை. பந்தயம் என்ன? தோற்றவன் தன் முன்சக்கரப் பேரிங்கைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். இந்த நிபந்தனையைப் போட்டது மேலத்தெரு இல்லை. எங்கள் அண்ணன்தான். அவ்வளவு நம்பிக்கை, வண்டி மேலும் என் எடை மேலும்.

இங்கே ஒரு விஷயம். இந்த விளையாட்டு நமக்கு மட்டும் சொந்தம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்கிற ஊர். 1933-ல் மைரன் ஸ்காட் என்கிற பத்திரிகை போட்டோகிராபர், பையன்கள் சோப்புப் பெட்டியிலும் பழைய பலகையிலும் சக்கரம் மாட்டி இறக்கத்தில் விடுவதைப் பார்த்து ஒரு பந்தயமே நடத்திவிட்டார். அடுத்த வருஷம் அது அகில அமெரிக்கப் போட்டி ஆனது. 1935-ல் ஆக்ரன் என்கிற மேட்டு ஊருக்குப் போனது. (அவர்களுக்கும் கண்மாய்க்கரைப் பிரச்னை!) பாதையின் நீளம் ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஸ்காட் பிறகு கார் கம்பெனிக்கு வேலைக்குப் போய், ‘கார்வெட்’ என்ற பிரபலமான காருக்குப் பெயர் வைத்தவர். நம்ம ஊர்ப் பத்திரிகை போட்டோகிராபர்கள் யோசிக்கவும்.

1973-ல் அங்கே ஜெயித்த பையனுக்குப் பதினாலு வயசு. வண்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மூக்குக்குள் மின்காந்தம்! ஸ்டார்ட்டில் வண்டி ஓர் இரும்புத் தகட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். தகடு முன்பக்கமாகச் சாயும்போது வண்டி உருள ஆரம்பிக்கும். இவன் தலையைப் பின்னால் சாய்த்தால் ஸ்விட்ச் ஆன். தகடு சாய்கிறபோது காந்தம் வண்டியையும் சேர்த்து முன்னால் இழுத்துவிடும். பட்டத்தைப் பிடுங்கி இரண்டாவதாக வந்தவனுக்குக் கொடுத்தார்கள். ஐடியா அவனுடைய அங்கிளுடையதாம். மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று இங்கிலீஷில் கண்டுபிடிக்க வழியில்லை. எங்கள் ஊராக இருந்தால் நிச்சயமாகத் தாய்மாமன்தான்.

எங்கள் ரேஸில் காந்தம் இல்லை. ஸ்டார்ட் கண்மாய்க்கரை உச்சி. முடிவு மந்தைப் புளியமரம். அதற்குப் பத்தடி தள்ளி ஊர்க் குப்பைக்கிடங்கு. சாணியும் சருகுமாக மெத்தென்று ஒரு மலை. அதுதான் பிரேக். ஜெயிக்கிற வண்டி குப்பையில் போய்ச் சொருகவேண்டும். நாற்றம்தான் வெற்றியின் அடையாளம். நடுவில் ஒரே ஒரு வளைவு. இரண்டு பக்கமும் வேலிக்கருவை அடர்ந்து, மேலே நிற்கிறவனுக்கும் தெரியாது, கீழே நிற்கிறவனுக்கும் தெரியாது.

டீக்கடை அண்ணாச்சி சிவப்புத் துண்டை அசைத்தார். துணைச் சாரதி மாதிரி அண்ணன் என் முதுகைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, ‘‘கால மட்டும் கீழ வச்சிராதலே!’’ என்று கத்திவிட்டு விட்டான்.

அந்தச் சத்தம்! இரும்பு தாரில் உருள்கிற ‘கர்ர்ர்ர்’. பல் கூசும். பலகை வழியாக முதுகெலும்பு மேலேறி மண்டைக்குள் வரும். பத்தடியில் சமம், ஐம்பதடியில் நான் ஒரு வண்டி நீளம் முன்னால். வளைவு வந்தது. பள்ளம் இல்லை, கல் இல்லை, ஆள் இல்லை. சும்மா ரோடு. தார் மட்டும் என் மூக்குக்கு ரொம்பப் பக்கத்தில், ரொம்ப வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு விநாடி நினைத்தேன். அவ்வளவுதான். மூளை முடிவெடுப்பதற்குள் குதிகால் முடிவெடுத்துவிட்டது.

வண்டி அரை வட்டம் அடித்து நின்றது. மேலத்தெரு வண்டி ‘கர்ர்ர்’ என்று என்னைத் தாண்டிப் போய், வளைவில் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் குப்பைக்கிடங்கு பக்கம் விசில்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். என் வாயிலிருந்து தானாக வந்தது: ‘‘எரும! எரும குறுக்க வந்துருச்சு!’’

‘‘எருமையா? நான் பாக்கலியே!’’ என்றான் மேலத்தெரு டிரைவர், தலையில் சாணியோடு. ‘‘பொய் சொல்லுதான். பயந்துட்டான்!’’

அப்போதுதான் அண்ணன் வந்து சேர்ந்தான். அவன் என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறான். மூச்சு வாங்குகிறது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் குதிகாலைப் பார்த்தான். தோல் உரிந்து ரத்தம்.

‘‘ஆமாலே, எரும வந்துச்சு. நான் பாத்தேன்’’ என்றான்.

திரும்ப ஓட்டவேண்டும் என்று கேட்டோம். எருமைக்கெல்லாம் ரூல் கிடையாது என்றது மேலத்தெரு. சண்டை வரும் என்று பார்த்தால், அண்ணன் ஒன்றும் பேசாமல் குனிந்து, வண்டியைக் கவிழ்த்து, மரத்துண்டை வைத்து ‘டொக் டொக்’ என்று தட்டி, 6305-ஐக் கழற்றி, துடைத்து, கொடுத்தான். மறுநாள் நாலு மணிக்கு ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடித்தது. நான் குதிகாலில் மஞ்சள்பத்தோடு போர்வைக்குள் படுத்தபடி கேட்டேன். முன்சக்கரம் இல்லாத வண்டி திண்ணையில் சாய்ந்து கிடந்தது. அடுத்த பேரிங்குக்குக் காசு சேருகிற வரைக்கும், ரெண்டு மூணு மாசம், அண்ணன் சாயங்காலம் சாயங்காலம் தோளில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று ஒரு மைல் நடந்தான். நான் எதிரே பார்த்தால் சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

தம்பிக்கு இதையெல்லாம் நேப்பியர் பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே, ரேஸ் காருக்கு மேல் குரல் எடுத்துக் கத்திச் சொன்னேன். குதிகால் வரைக்கும் சொல்லவில்லை. அவனிடமும் எருமைதான்.

அவன் பதிலுக்கு எனக்குப் பாடம் எடுத்தான். செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருஷக்கணக்காக ரேஸ் நடத்தியது, 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் வருகிற வரைக்கும். ஃபாரின் கார் வாங்க வசதியும் லைசென்ஸும் இல்லாத காலம். ஃபியட்டையும் அம்பாசடரையும் ஷெட்டில் வைத்துப் பிரித்து, சீட்டைத் தூக்கிப் போட்டு, கனத்தைக் குறைத்து, அதைத்தான் ரேஸ் கார் என்று கொண்டுவந்து ஓட்டினார்கள். கோயம்புத்தூரில் கரிவரதன் என்று ஒருத்தர், பெரிய மில் குடும்பம், நினைத்தால் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். மாருதி 800 என்ஜினை வைத்து ஒரே ஆள் உட்காருகிற ரேஸ் காரை நம்ம ஊரிலேயே செய்தார். அந்த மாதிரி கார்களில் பழகித்தான் பல பையன்கள் மேலே போனார்கள். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்து டிராக்குக்கு அவர் பெயர்தான். அதே கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் அமெரிக்காவில் நாலாவதாகவும் வந்தார். டயர் சரியில்லை என்று பாக்கிப் பேர் ஒதுங்க, ஓடியதே ஆறு கார்தான் என்று குறும்பாகச் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த ஆறு பேரும் காலைக் கீழே வைக்கவில்லை. எனக்கு அது போதும்.

அந்த வாரக் கடைசியில் ஆவணி முகூர்த்தம், சாத்தூரில் ஒரு கல்யாணம். நெல்லை எக்ஸ்பிரஸில் போய்த் தாலி கட்டி முடிந்ததும் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன். அண்ணனுக்கு அங்கே லேத் பட்டறை. அறுபது வயசை நெருங்கியும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடைசல் பிடித்துக்கொண்டிருந்தான். கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினேன். ‘‘கோவில்பட்டிக்கே கடலைமிட்டாய் வாங்கிட்டு வந்திருக்கியே, நீ உருப்பட மாட்டலே’’ என்று சிரித்தான்.

பட்டறை ஓரத்தில் ஒரு வண்டி நின்றது. பேரனுக்காகச் செய்ததாம். அச்சு கடைசல் பிடித்த இரும்பு. பேரிங் மூணும் புதுசு, பாலிதீன் உறை வாசம்கூடப் போகவில்லை. குனிந்து பார்த்தேன். மூணிலும் 6305. கைப்பிடி வைத்து, அடியில் ரப்பர் கட்டை வைத்த ஒரு பிரேக்கும் இருந்தது.

ட்ரெயினில் ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்ததை எடுத்தேன். ‘‘அண்ணே... அன்னைக்கு ரேஸ்ல... அந்த எரும...’’

அண்ணன் லேத்தை நிறுத்தவில்லை. இரும்புச் சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது.

‘‘எந்த எரும?’’ என்றான்.

‘‘குறுக்க வந்துச்சே...’’

‘‘அன்னைக்கு எருமய எல்லாம் காலைலயே கண்மாய்க்குப் பத்திட்டுப் போயிட்டாங்கலே. ஞாயித்துக்கெழம ரேஸ் இருக்குன்னு நான்தான சொல்லி ஓட்டச் சொன்னேன்!’’

எனக்குத் தொண்டை அடைத்தது. ‘‘அப்ப ஏண்ணே நீ...’’

‘‘ஒங்கால்ல ரத்தம் வந்துச்சு’’ என்றான். அதற்கு மேல் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பேரன் ஓடி வந்தான். எட்டு வயசு இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்து, வண்டியைப் பார்த்து, கணக்குப் போட்டுவிட்டான். ‘‘தாத்தா, இந்தத் தாத்தாவை ஏத்தி விட்டா வண்டி நல்லாப் போகும்லா?’’

‘‘ஏத்தாதய்யா’’ என்றான் அண்ணன். ‘‘இவன் ஏறினா எரும குறுக்க வரும்.’’